ஐந்து கிலோ துப்பாக்கி, நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர்: தோள் தாங்குமா?

நடைராஜா (பிரிட்டோரியா), மே 3, இரவு 9.12

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 550 ரைஃபிள், .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டா போடுவது. ஜூன் கடைசியில் லிம்போபோ பக்கம் ஒரு பண்ணையில் காட்டெருமை வேட்டை. கொம்புக்காக அல்ல, கறிக்காக ஒரு பெண் எருமை. காலடித் தடம் பிடித்து நடந்தே போக வேண்டும், ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டராவது ஆகும் என்று கூட்டிப்போகிறவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நடை எனக்குப் பிரச்சினை இல்லை. வயது 52, தினமும் ஏழு கிலோமீட்டர் நடக்கிறவன். அந்தத் தைரியத்தில் போன ஞாயிறு வாட்டர்பெர்க் பக்கம் நண்பரின் நிலத்தில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளோட்டம் போனேன். வலது தோளில் மாட்டி, குழல் வானத்தைப் பார்க்க, எல்லோரும் மாட்டுகிற மாதிரிதான். நான்காவது கிலோமீட்டரில் தோள் உறுத்தியது. ஒன்பதாவதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. திரும்பி வந்து பக்கியின் (பிக்கப் வண்டி) கதவைத் திறக்க இடது கையைத்தான் நீட்டினேன்.

வீட்டுக்கு வந்து எடை பார்த்தேன். ரைஃபிள் மட்டும் 4.25 கிலோ. ஸ்கோப்பும் அதன் பிடிகளும் 700 கிராம். வார் 150. ஐந்து ரவுண்டு சேர்த்தால் மொத்தம் 5.3 கிலோ. எடை குறைந்த வேறு ரைஃபிள் வாங்கிவிடலாமா என்று யோசனை. வீட்டுக்காரியிடம் இன்னும் சொல்லவில்லை.

டோங்காட்டண்ணன், மே 3, இரவு 10.40

தம்பி, விற்காதே. அந்த எடைதான் உன் தோளுக்குக் காவல். .375 என்பது 1912இல் வந்த தோட்டா, நூறு வருஷத்துக்கு மேலாக எருமையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் உதை சும்மா இல்லை. துப்பாக்கியில் அரைக் கிலோவைக் கழித்தால், நடக்கும்போது மிச்சமான வலியை எல்லாம் சுடும்போது ஒரே தவணையில் கட்டுவாய். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் "லைட் வெயிட்" வாங்கினவர்கள்.

குறை வாரில் இருக்கிறது. அதன் அகலம் எவ்வளவு? கடையில் துப்பாக்கியோடு கொடுத்த தோல் பட்டையா?

நாங்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம். தோளில் காவடியை வைக்கும்போது அடியில் மெத்தை வைத்துத்தானே வைக்கிறோம்? தலையில் குடம் என்றால் சும்மாடு. என் கொள்ளுத்தாத்தா கரும்புக் கட்டைத் தோளில் ஏற்றுகிறபோது மடித்த சாக்கு ஒன்றை வைத்துக்கொள்வாராம், ஆயா சொல்லும். சுமைக்கும் தோளுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாத சங்கதியா? துப்பாக்கி என்று வந்தால் மட்டும் விரல் அகலத் தோலை மாட்டிக்கொண்டு வீரமாக நடக்கிறோம்.

நடைராஜா, மே 3, இரவு 10.58

அண்ணே, அதேதான். கடையில் கொடுத்தது. இரண்டரை சென்டிமீட்டர் அகலம், வழவழவென்று பாலிஷ் போட்டது. தோளில் நிற்கவே நிற்காது, வழுக்கிக்கொண்டே இருக்கும்.

முதுகெலும்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்), மே 4, காலை 6.20

வேட்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பிசியோதெரபி என் தொழில், அப்பாவுக்காக இந்தத் தளத்தில் இருக்கிறேன். நடைராஜா அண்ணா சொன்ன "சுண்டுவிரல், மோதிரவிரல்" என்ற இரண்டு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது.

ஒன்று கேட்கிறேன், நினைவுபடுத்திச் சொல்லுங்கள். வார் வழுக்கக்கூடாது என்று வலது கையால் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, முழங்கையை மடக்கியபடியே நடந்தீர்களா? தோளையும் காதுப்பக்கம் தூக்கி வைத்துக்கொண்டீர்களா?

நடைராஜா, மே 4, காலை 7.05

கூட இருந்து பார்த்த மாதிரிச் சொல்கிறீர்கள். ஒன்பது கிலோமீட்டரும் அப்படித்தான். கட்டைவிரலை வாருக்குள் கொடுத்துப் பிடித்திருந்தேன்.

முதுகெலும்பு, மே 4, மதியம் 1.15

அப்படியானால் எடை மேல் மட்டும் பழி போடாதீர்கள். அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டி வளைந்து போகிறது. இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அதே இடம். முழங்கையை இரண்டு மணி நேரம் மடக்கியே வைத்திருந்தால் அந்த நரம்பு இழுபட்டு நசுங்கும். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டே தூங்கிப்போகிறவர்களும் இதே மரப்போடு வருவார்கள்.

இன்னொரு இடமும் உண்டு. கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கற்றை காறை எலும்புக்குக் கீழே ஒரு சந்து வழியாக வருகிறது. ஒல்லியான வார் தோளைக் கீழே அழுத்த அழுத்த அந்தச் சந்து குறுகும். அப்போதும் முதலில் முறையிடுவது பெரும்பாலும் இதே இரண்டு விரல்கள்தான். உங்களுக்கு எது என்று கையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். மரப்பு மறுநாளும் இருந்தால் பக்கத்தில் ஒருவரிடம் காட்டுங்கள், இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டிலும் ஆரம்பம் ஒன்றுதான்: வார் வழுக்குகிறது. வழுக்குவதால் கை பிடிக்கிறது, தோள் ஏறுகிறது. அந்தத் தூக்கிய தோளைத் தாங்குகிற தசை இரண்டு மணி நேரம் ஓய்வே இல்லாமல் வேலை செய்கிறது. உங்களை வலிக்கவைத்தது ஐந்து கிலோ என்பதைவிட, ஐந்து கிலோ விழுந்துவிடுமோ என்ற பயம்.

ஹவில்தார்_ஓய்வு (ஜோகன்னஸ்பர்க், மகள் வீட்டில்), மே 4, மாலை 5.30

மகள் சொன்னாள் என்று படித்தேன். மதராஸ் ரெஜிமெண்டில் 24 வருஷம். எங்கள் காலத்து எஸ்.எல்.ஆர். ராணுவ ரைஃபிள் கையில் எடுத்தால் நாலரைக் கிலோவுக்குப் பக்கம். மேகசீன், தண்ணீர், முதுகுப்பை எல்லாம் அதற்கு மேலே. பத்துக் கிலோமீட்டரில் விரல் மரத்தது என்று எங்கள் சுபேதாரிடம் சொல்லியிருந்தால் மரத்தது போக மீதி விரலையும் வாங்கியிருப்பார்.

கிண்டல் போகட்டும். ரோந்து போகிறபோது யாரும் ஒற்றைத் தோளில் மாட்டுவதில்லை. வாரை நீளமாக விட்டு, கழுத்துக்கும் எதிர்த் தோளுக்கும் குறுக்கே போட்டு, துப்பாக்கி நெஞ்சுக்கு முன்னால் சாய்ந்து தொங்கும். கை இரண்டும் அதன் மேல் சும்மா கிடக்கும். எடை முதுகு முழுக்கப் பரவும், வழுக்க இடமில்லை. நினைத்தால் அரை நொடியில் தோளுக்கு வரும். இதைச் செய்து பார்.

அரை மணிக்கு ஒரு முறை நின்று தோள் மாற்று. வலிக்கிற வரை காத்திருந்து மாற்றுவது அல்ல, கடிகாரம் பார்த்து மாற்றுவது. பெருமாள் கோயிலில் பல்லக்குத் தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பாய். தோள் கெஞ்சும் வரைக்கும் விடமாட்டார்கள், முன்கூட்டியே தோள் மாற்றிவிடுவார்கள்.

பாதைக்காரி (ஹூட்ஸ்பிரெய்ட்), மே 5, இரவு 8.02

ஸ்டாங்கர் பெண், இப்போது லோஃபெல்டில் நடைப்பயண வழிகாட்டி. விருந்தினர்களை யானை, எருமை, சிங்கம் இருக்கிற காட்டில் காலால் கூட்டிப்போவது வேலை. கையில் .458 ரைஃபிள். ஆறு வருஷமாக அதைத் தூக்கி நடக்கிறேன், ஒரு மிருகத்தின் மேலும் சுட்டதில்லை. அதாவது என் துப்பாக்கியின் முழுநேர வேலையே தூக்கப்படுவதுதான். அதனால் இந்த இழை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஹவில்தார் தாத்தா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். எஸ்.எல்.ஆர். குறுக்கே தொங்கலாம். ஸ்கோப்பும் போல்ட்டும் வைத்த வேட்டை ரைஃபிள் நெஞ்சுக்கு முன்னால் தொங்கினால், போல்ட்டின் பிடி விலா எலும்பில் தட்டிக்கொண்டே வரும். குனிந்தால் துப்பாக்கியின் மரக்கட்டை தாடையில் இடிக்கும். முட்டி போட்டுத் தவழ்ந்து பாருங்கள், பல்லைக் காப்பாற்றிக்கொண்டால் பெரிய விஷயம்.

என்னோடு வேலை செய்கிற பல வழிகாட்டிகள் வாரே போடுவதில்லை. நானும் போடுவதில்லை. வார் இருந்தால் துப்பாக்கி தோளுக்குப் போய்விடும், அப்புறம் கைக்கு வராது. முட்புதரில் கிளை மாட்டுகிற முதல் இடமும் வார்தான். விடத்தலை முள் தெரியும் இல்லையா, நம் ஊர்க் கரிசல் காட்டில் வேலி கட்டுவார்களே, அதே மரம் இங்கே செக்கல்பாஸ் என்ற பெயரில் காடு காடாக நிற்கிறது. வாக்-அ-பீக்கி என்று இங்கே சொல்வது இலந்தைக்கு உறவு. "கொஞ்சம் பொறு" என்று அர்த்தம். ஒரு முள் நேராகக் குத்தும், பக்கத்து முள் வளைந்து பின்னால் இழுக்கும். வாரோடு அதில் மாட்டினவர்கள் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் தூக்குகிற விதம் இது. துப்பாக்கியின் சமநிலைப் புள்ளி மேகசீன் மூடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். அங்கே ஒரு கையால் பிடித்து, கையை நீட்டித் தொங்கவிட்டு, குழல் லேசாகக் கீழே பார்க்க நடப்பேன். பத்து நிமிஷத்தில் மறு கை. அப்புறம் முழங்கை மடிப்பில் குழந்தையைச் சாய்த்த மாதிரி கொஞ்ச நேரம். அப்புறம் நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கையிலும். நிற்கும்போது கட்டையின் அடியை இடுப்புத் தோட்டாப் பை மேல் ஊன்றிக்கொள்வேன், எடை முழுக்க இடுப்புக்குப் போய்விடும். சும்மா இருக்கிற தசை ஏதாவது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அதுதான் கணக்கு.

டோங்காட்டண்ணன், மே 5, இரவு 9.30

மகளே, நீ சொன்னது எல்லாம் சரி. ஆனால் உனக்கு முப்பது வயது இருக்குமா? தினமும் அதே வேலை. இவன் வருஷத்தில் ஒரு வாரம் தூக்குகிறவன். ஒரு நாள் முழுக்கக் கையில் பிடித்தால் மறுநாள் காபிக் கோப்பை ஆடும்.

நான் சொல்வது இன்னொரு வழி. துப்பாக்கியைத் தோளில் கிடத்தி, கட்டை முதுகுப்பக்கம் போக, முன்னால் நீட்டியிருக்கும் குழலைக் கையால் பிடித்து நடப்பது. மண்வெட்டி கொண்டுபோகிற மாதிரி. பழைய வேட்டைக்காரர்கள் எல்லாம் அப்படித்தான். கை கொடுக்கிற எதிர் எடையால் தோளில் பாரமே தெரியாது.

பாதைக்காரி, மே 5, இரவு 9.41

அங்கிள், மன்னிக்கவும், இதை மட்டும் நான் விடமாட்டேன். வரிசையாக நடக்கிறபோது உங்களுக்கு முன்னால் யார்? தடம் பார்க்கிற டிராக்கர். உங்கள் குழலின் வாய் எங்கே பார்க்கிறது? அவர் பிடரியை. பழைய படங்களில் ஜோராகத்தான் இருக்கும். என் குழுவில் ஒருவர் அப்படித் தூக்கினால் நடை அங்கேயே நின்றுவிடும்.

டோங்காட்டண்ணன், மே 5, இரவு 9.55

சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலியாக வைத்துத்தான் நடப்பேன். 35 வருஷமாக ஒரு தப்பும் நடந்ததில்லை.

ஹவில்தார்_ஓய்வு, மே 6, காலை 5.10

காலி என்று சொன்ன துப்பாக்கி வெடித்ததை நான் பார்த்திருக்கிறேன் ஐயா. பெண் சொல்வதே சரி. முன்னால் ஆள் இருந்தால் குழல் முன்னால் போகக்கூடாது.

டோங்காட்டண்ணன், மே 6, காலை 8.20

சரி. ராத்திரி யோசித்தேன். நான் பெரும்பாலும் தனியாகவோ வரிசையில் முதல் ஆளாகவோ போகிறவன், அதனால் உறைக்கவில்லை. எனக்கு வழி காட்டுகிற ஜூலுப் பெரியவர் எப்போதும் வரப்புக்கு அந்தப் பக்கமே நடப்பார். அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. தம்பி, அந்த யோசனையை எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

போர்லூயிப்_பையன் (மொரீஷியஸ்), மே 6, மதியம் 12.45

எங்கள் தீவில் இந்தத் தொல்லையே கிடையாது. மான் வேட்டை என்றால் மிராடோர் என்கிற உயரமான மேடை மேல் ஏறி உட்கார வேண்டியது, மான் தானாக வரும். 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து மானைக் கொண்டுவந்து விட்டார்களே, அவர்களைத்தான் கும்பிட வேண்டும். நடை பக்கியிலிருந்து ஏணி வரைக்கும்தான்.

ஆனாலும் ஒன்று சொல்வேன். மலைச்சரிவில் இருக்கிற மிராடோருக்கு ஏறும்போது இரண்டு கையும் வேண்டும். அதற்கு எங்கள் ஆட்கள் புத்தகப்பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டுகிற பிரெத்தேல் வைத்திருப்பார்கள். பிரெத்தேல் என்றால் வார்தான், பிரெஞ்சில். பனிச்சறுக்கில் ஓடி ஓடிச் சுடுகிற பயாத்லான் பந்தயம் பார்த்திருப்பீர்கள். அதில் ரைஃபிள் மூன்றரைக் கிலோவுக்குக் குறையக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதை அந்த மாதிரி முதுகில்தான் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அதைவிடச் சுகமான முறை உண்டா?

பாதைக்காரி, மே 6, மாலை 4.30

சுகம்தான். எருமைத் தடத்தில் முதுகில் மாட்டினால் எடுக்கவே முடியாது, அதுதான் சிக்கல். ஆனால் வேட்டை முடிந்து திரும்பும் நடைக்கு, அல்லது காலையில் தடம் கிடைக்கும் வரை சாலையோரம் போகும் நடைக்கு நல்ல யோசனை.

நடைராஜா அங்கிளுக்கு இடைவழி ஒன்று சொல்கிறேன். வார் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இடது தோளில், குழல் தரையைப் பார்க்க மாட்டுங்கள். விசைக்காப்பு முன்பக்கம் பார்க்க வேண்டும். இடது கை கீழே முன்கட்டையைப் பிடித்திருக்கும். எடையில் பாதியைக் கை வாங்கிக்கொள்ளும், முழங்கை மடங்காது, அக்கா சொன்ன நரம்புக்கும் நிம்மதி. வேண்டும்போது இடது கை முன்கட்டையை மேலே சுழற்றினால் வலது கை தானாகப் பிடியைத் தேடி வந்துவிடும். வீட்டில் காலித் துப்பாக்கியோடு நூறு முறை செய்யுங்கள்.

ஜாக்கிரதை ஒன்று. குழல் நீளம். விழுந்த மரத்தைத் தாண்டும்போது, ஓடைக்கரையில் இறங்கும்போது, உட்காரும்போது வாய் மண்ணில் குத்தும். மண் அடைத்த குழலில் சுட்டால் குழல் பிளக்கும். அதனால் வாய் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். சுடும்போது குண்டுக்கு முன்னால் வருகிற காற்றே அதைக் கிழித்துவிடும், குறி மாறாது. பனி, தூசி, விதை எல்லாவற்றுக்கும் அதுவே மூடி. டேப் இருக்கிறது என்று மண்ணில் குத்திவிடாதீர்கள், குத்தினால் நின்று கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

புதர் நெருங்கினால், அல்லது டிராக்கர் கையைக் காட்டினால், வாரைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுங்கள். கழற்றுகிற கொக்கி இருக்கிற வாராக வாங்குங்கள்.

டோங்காட்டண்ணன், மே 6, இரவு 9.00

அந்தக் கொக்கியைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒரு முறை ம்கூஸே பக்கம் இம்பாலா தேடிப் போனேன். காலையிலிருந்து தோளில் ஒரு சின்னக் கிறீச் சத்தம். செருப்பு என்று நினைத்தேன். பார்த்தால் வார்க் கொக்கி மாட்டுவதற்காகக் கட்டையில் திருகியிருக்கிற ஆணி, நடக்கிற ஆட்டத்தில் கால் கால் சுற்றாகக் கழன்று வந்திருக்கிறது. பாறை மேல் இறங்குகிறபோது பொத்தென்று விழுந்தது. சுடவில்லை, தெய்வாதீனம். ஸ்கோப்பில் கீறல்கூட இல்லை. அரை மணி கழித்து எண்பது மீட்டரில் நின்ற இம்பாலாவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குண்டு போனது.

அதிலிருந்து ஆணியில் ஒரு சொட்டுப் பசை, கிளம்புகிற காலையில் விரலால் திருகிப் பார்ப்பது. அப்புறம், பெரிய தோட்டாத் துப்பாக்கியில் முன் கொக்கி கட்டையில் இருக்கக்கூடாது, குழலில் வளையம் போட்டு அதில் இருக்க வேண்டும். கட்டையில் இருந்தால் சுடும்போது உதையில் வந்து இடது கை விரலைப் பெயர்க்கும். உன் சிஇசட்டில் குழலில்தான் இருக்கும், பார். அதில் இன்னொரு லாபம், தோளில் மாட்டினால் குழல் தலைக்கு மேலே அவ்வளவாக நீட்டாது, கிளையில் தட்டாது.

வாருக்கு: ஐந்து சென்டிமீட்டர் அகலம், உள்பக்கம் சொரசொரப்பான தோல். ரப்பர் மாதிரி இழுபடுகிற நியோபிரீன் வாங்காதே. கடையில் தோளில் போட்டால் பஞ்சு மாதிரி இருக்கும். நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் துப்பாக்கி குதிக்கும். ஊஞ்சலைச் சுமக்கிற மாதிரி.

எதற்கய்யா_வேட்டை, மே 6, இரவு 11.48

எருமை பாட்டுக்குப் புல் தின்கிறது. அதைக் கொல்ல ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் நடந்து, நரம்பு வைத்தியம் வேறு. கறி வேண்டுமென்றால் கடைக்குப் போனால் என்ன?

நடைராஜா, மே 7, காலை 6.30

கடைக்கறியும் ஒரு மாடுதான் ஐயா, அதன் பின்னால் நான் நடக்கவில்லை, அவ்வளவுதான். இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

மற்றவர்களுக்கு: கொக்கி குழலில்தான் இருக்கிறது. கட்டையில் இருந்த பின் ஆணி முக்கால் சுற்று தளர்ந்திருந்தது! அண்ணே, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

பயிற்சிக்கு எங்கே நடப்பது? குடியிருப்பு வளாகத்தில் ரைஃபிளோடு சுற்றினால் காவலாளி ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

டோங்காட்டண்ணன், மே 7, காலை 9.15

அவர் கூப்பிடுவது இருக்கட்டும், சட்டமே விடாது. 2000ஆம் வருஷத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பொது இடத்தில் ரைஃபிள் அதற்குரிய உறைக்குள் முழுக்க மூடித்தான் இருக்க வேண்டும். தோளில் மாட்டித் தெருவில் உலாத்தாதே.

ஹவில்தார்_ஓய்வு, மே 7, காலை 10.00

தண்ணீர்க் குழாய் ஒன்றை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு பக்கமும் அடைத்து, பலகையில் கட்டு. ரெக்ரூட்டுகளுக்கு அதுதான் முதல் துப்பாக்கி.

முதுகெலும்பு, மே 7, மதியம் 1.40

அருமை. எடை சரியாக 5.3 வரட்டும். முதல் வாரம் மூன்று கிலோமீட்டர், வாரத்தில் மூன்று நாள். வாரா வாரம் இரண்டு கூட்டுங்கள். தோளை மட்டும் பார்க்காதீர்கள். கழுத்தில் தொங்குகிற பைனாகுலரும் கணக்கில் சேரும். அது முக்கால் கிலோ இருக்கும், முழுக்கக் கழுத்தை முன்னால் இழுக்கும். நெஞ்சோடு கட்டுகிற பட்டைக்கு மாற்றுங்கள். தண்ணீர் இடுப்புப் பட்டையோடு கூடிய பையில் இருக்கட்டும், அந்தப் பையின் தோள்பட்டை மேலேயே துப்பாக்கி வாரும் உட்கார்ந்தால் இன்னொரு சும்மாடு கிடைக்கும்.

நடைராஜா, மே 25, இரவு 8.50

நிலவரம். குழாய்த் துப்பாக்கி தயார், 5.2 கிலோ. பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் "அங்கிள், பைப் ரிப்பேரா?" என்று தினமும் கேட்கிறான். ஒன்பது கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன். மரப்பு இல்லை. இடது தோளில் குழல் கீழே என்பது முதல் நாள் செருப்பைக் கால் மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது. இப்போது அதுவே பழகிவிட்டது.

ஸ்கோப்பையும் மாற்றினேன். முன்பு இருந்தது பெரிய கண்ணாடி வைத்த, 3 முதல் 12 மடங்கு பெரிதாக்குகிற 3-12. எருமை எழுபது மீட்டருக்குள் என்கிறார்கள், அதற்கு 1-4 போதும். 200 கிராம் மிச்சம். முன்பக்கம் குண்டாக இல்லாததால் கையில் பிடிக்கவும் இடம் கிடைக்கிறது.

நடைராஜா, ஜூலை 2, இரவு 9.35

திரும்பிவிட்டேன். நேற்று முழுக்கத் தூக்கம்.

மூன்று நாள். முதல் நாள் 11 கிலோமீட்டர், இரண்டாவது நாள் 17, மூன்றாவது நாள் 13. விடியற்காலையில் தண்ணீர்க் குட்டைக்குப் போய் ராத்திரி குடித்துவிட்டுப் போன கூட்டத்தின் தடத்தைப் பார்ப்பார்கள். டிராக்கர் சாணத்தைச் செருப்பு முனையால் உடைத்துப் பார்த்துவிட்டு எவ்வளவு நேரத்துக்கு முந்தையது என்று சொல்லிவிடுவார். அப்புறம் நடைதான்.

முதல் ஒரு மணி நேரம் குளிரில் கை குழலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. கம்பளிக் கையுறை கொண்டுபோகாதது என் தப்பு, இரும்பைப் பிடித்து நடக்கிறவன் அதை யோசித்திருக்க வேண்டும். எட்டரை மணிக்கு மேலே வியர்வை. வாரின் உள்பக்கச் சொரசொரப்பு ஈரச் சட்டையிலும் நகரவில்லை. லாடியத்தில் செருப்புத் தைக்கிற ஒருவரிடம் சொல்லிச் செய்தது. குதிரைச் சேணத் தோலில், தோள்மேல் வருகிற இடம் மட்டும் ஐந்து சென்டிமீட்டர் அகலம், இரண்டு முனையும் ஒடுங்கி வரும்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரம் அதிரும்படி வைத்திருந்தேன். தோளில் இருபது, கையில் பத்து, மறுபடி தோள். இரண்டாம் நாள் டிராக்கருக்கே அது பழகிவிட்டது. என் கடிகாரம் அதிர்கிற நேரத்தில் அவரே நின்று மூக்கைச் சிந்தினார்.

சுடும்போது ஊன்றுகிற முக்கோலை அவர்தான் தூக்கி வந்தார். நிற்கிறபோதெல்லாம் அதை விரித்து, என் துப்பாக்கியை வாங்கி அதன் மேல் சாய்த்துவிடுவார். எங்கள் ஊர் எல்லையில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கும். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றுவதற்கு. அந்தக் கல் நடந்து கூடவே வந்த மாதிரி இருந்தது.

விடத்தலையைப் பார்த்தேன் தங்கச்சி. பாதி ரோஸ், பாதி மஞ்சளாகத் தொங்குமே அந்தப் பூ, இந்தக் குளிரில் இல்லை. ஆனால் சுருண்ட காயை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குள் நுழையும் முன் வாரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பின்னால் வந்தவர் கழற்றவில்லை. மூன்று முறை "கொஞ்சம் பொறு" என்று அவரைப் பிடித்து இழுத்தது.

எருமை? இரண்டாம் நாள் நாற்பது மீட்டரில் இருந்தோம். துப்பாக்கி முக்கோல் மேல், என் கன்னம் கட்டை மேல். காதும் கொம்பு நுனியும் மட்டும் தெரிந்தன. மேலே உட்கார்ந்திருந்த உண்ணிக்குருவிகள் கீச்சென்று கிளம்பின, பிடரியில் காற்று பட்டது, அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் ரயில் போன மாதிரிப் போய்விட்டது. மூன்றாம் நாள் தடம் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டது. டேப் ஒட்டியது ஒட்டியபடியே வீட்டுக்கு வந்தேன்.

விரல் ஐந்தும் நன்றாக இருக்கின்றன. வலி இருந்தது இடது கால் பெருவிரலில், நகம் வெட்ட மறந்ததால்.

பாதைக்காரி, ஜூலை 2, இரவு 10.04

டேப்போடு வந்தீர்களா? என் கட்சிக்கு வாருங்கள் அங்கிள். உம்ஃபொலோசிக் காட்டில் 1959 முதல் சுடாமலே நடக்கிற நடைப்பயணங்கள் இருக்கின்றன.

டோங்காட்டண்ணன், ஜூலை 3, காலை 7.30

அதெல்லாம் இருக்கட்டும். அந்த லாடியத்துக்காரரிடம் எனக்கும் ஒன்று சொல். வாரின் நீளம் எவ்வளவு வைத்தாய்? கொக்கியிலிருந்து கொக்கிக்கு அளந்து எழுது. பின் ஆணியைப் பார்த்தாயா?

நடைராஜா, ஜூலை 3, மாலை 6.15

92 சென்டிமீட்டர் அண்ணே, குளிர்ச்சட்டை மேல் மாட்டுகிற அளவு. வெயில் காலத்துக்கு 4 சென்டிமீட்டர் உள்ளே இன்னொரு துளை போட்டிருக்கிறார். ஆணியைத் தினமும் காலையில் திருகிப் பார்த்தேன். மூன்றாம் நாள் மட்டும் மறந்துவிட்டேன், இப்போது போய்ப் பார்க்கிறேன்.